வீட்டுக்குள் கவரேஜ் இல்லையா? காசு செலவழிக்க முதல் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கமோ தீவுப்பகுதியிலோ பல வீடுகளில், போனை எங்கே வைத்தால் கோல் வரும் என்பது வீட்டு ஆட்களுக்கு மனப்பாடம். யன்னல் விளிம்பு, விறாந்தைத் தூணடி, கிணற்றடி. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, அம்மாவும் அப்பாவும் தனிய இருக்கிற வீட்டில் இது வெறும் கரைச்சலோடு நிற்பதில்லை. இரவில் நெஞ்சு நோ வந்து 1990 அம்புலன்சுக்கு எடுக்க முற்றத்துக்கு இறங்க வேண்டியிருந்தால் அது உயிர் ஆபத்து. வங்கி அனுப்பும் ஓடிபியும் நேரத்துக்கு வந்து சேராது.

இதில் பெரும்பாலானதைக் காசில்லாமலே சரிசெய்யலாம். ஆனால் முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் சாமான் வாங்குகிற ஆட்கள்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள்.

படி 1: அளந்து எழுதுங்கள்

போனில் தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பனியும் தன்பாட்டில் தீர்மானிக்கிறது. உண்மையான அளவு, சிக்னலின் வலுவைச் சொல்லும் டிபிஎம் (dBm) என்ற எண்ணில் இருக்கிறது. அண்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ், அதற்குள் எபௌட் போன், பிறகு சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ரெங்த் என்ற இடத்தில் அது இருக்கும். சில போன்களில் இடையில் ஸ்டேட்டஸ் என்று இன்னொரு பக்கம் வரும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி கோல் பட்டனைத் தட்டினால் வரும் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண்ணைப் பாருங்கள், 4ஜியின் டிபிஎம் அளவு அதுதான்.

எண் மைனசில் இருக்கும். -85 என்பது -105ஐ விட நல்லது. 4ஜியில் -90க்கு மேலே இருந்தால் கவலையில்லை. -100க்குக் கீழே இறங்கினால் பலவீனம். -115க்குக் கீழே போனால் கதை அறுந்து அறுந்துதான் கேட்கும். பத்து எண் குறைந்தால் வந்து சேரும் வலு பத்தில் ஒரு பங்காகிறது. அதனால் ஐந்து, ஆறு எண் கூடினாலும் அது பெரிய லாபம்தான்.

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றுங்கள். கேற்றடி, கிணற்றடி, விறாந்தை, ஹோல், ஒவ்வொரு அறை, குசினி, மொட்டைமாடி இருந்தால் அதுவும். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள், எண் உடனே மாறாது. எல்லா இடத்திலும் 4ஜி என்றே காட்டுகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் 4ஜி எண்ணையும் இன்னோரிடத்தில் 2ஜி எண்ணையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

படி 2: தடை வீடா, தூரமா?

உதாரணத்துக்கு, கிணற்றடியில் -88, விறாந்தையில் -97, குசினியில் -113 என்று வந்தால் குற்றவாளி வீடுதான். வெளியிலேயே -112 என்றால் டவர் தூரம், அல்லது இடையில் மரங்கள். யாழ்ப்பாணம் தட்டையான நிலம், மலை மறைக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. மறைப்பது மாவும் பனங்கூடலும் சுவர்களும்தான்.

வீட்டில் எது மறைக்கிறது? பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளின் தடித்த சுவர் நன்றாகவே தடுக்கும், ஆனால் ஓட்டுக்கூரை விட்டுக்கொடுக்கும். புது வீடுகளில் கம்பி கட்டிப் போட்ட கொங்கிறீற் பிளேற் அதைவிட மோசம். தகரக்கூரை ஏறக்குறைய முழுதாக மறைத்துவிடும். கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது: வெக்கை குறையட்டும் என்று ஓட்டுக்குக் கீழே விரிக்கிற வெள்ளி நிற அலுமினியத் தாள். அதைப் போட்ட பிறகு கவரேஜ் குறைந்த வீடு என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

மழை நாளில் கவரேஜ் விழுகிறது என்று சொல்வார்கள். நம்முடைய போன்கள் பாவிக்கிற 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைகளுக்கு மழைத்துளி பெரிய தடையில்லை. நனைந்த இலைதான் தடை. வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் அடர்ந்த மாமரம் நின்றால் கார்த்திகை மாதத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதற்காக மரத்தைத் தறிக்கச் சொல்லவில்லை. ஒரு கொப்பைக் கவ்வாத்துப் பண்ணினாலே சிலவேளை போதும்.

படி 3: காசில்லாத திருத்தங்கள்

போனில் உலோகக் கவரோ, மோட்டார் சைக்கிளில் ஒட்டவைக்கிற காந்தத் தகடோ இருந்தால் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். இரும்பு அலுமாரிக்குப் பக்கத்திலும் பிரிட்ஜ்க்கு மேலேயும் போனை வைக்காதீர்கள்.

அடுத்தது சிம். டயலொக், எஸ்எல்டி மொபிற்றெல், ஹட்ச் மூன்றின் டவர்களும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எயார்ரெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டாரிடம் வேறு கம்பனி சிம்மைக் கேட்டு வாங்கி, அதே அறைகளில் அதே மாதிரி அளந்து பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் எது நல்லது என்பதை விளம்பரம் சொல்லாது, இந்த அளவுதான் சொல்லும். பழைய நம்பரை விட மனமில்லை என்றால் இரண்டாவது சிம்மாகப் போடலாம்.

வாட்ஸ்அப் ஓடுகிறது, சாதாரண கோல் மட்டும் போகுதில்லை என்றால், செட்டிங்ஸில் வோல்ட்டி (VoLTE), அதாவது 4ஜி வழியாகவே கோல் போகிற வசதி, நிறுத்தியிருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கோலுக்கும் போன் 4ஜியை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்க வேண்டும். வயதானவர்களுக்கு ஒரு பட்டன் போனும் நல்ல யோசனை. 900இல் வரும் 2ஜி சுவரைத் தாண்டுவதில் கெட்டிக்காரன்.

படி 4: வைபை வழியாகக் கோல்

வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் இதுவே மிகச் சுகமான வழி. செட்டிங்ஸில் வைபை கோலிங் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் சாதாரண நம்பருக்கு வரும் கோலே வைபை வழியாக வரும். உங்கள் போன் மாதிரிக்கும் சிம்முக்கும் அது கிடைக்குமா என்று கம்பனியிடம் கேளுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், அதனால் ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் கட்டாயம். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கி மூலையில் போட்டது இருந்தால் பற்றரியைச் சோதித்துவிட்டுப் பாவியுங்கள்.

படி 5: 4ஜி ரவுட்டரும் வெளி அன்ரனாவும்

பைபர் வராத இடம் என்றால், படி 1இல் கூடிய எண் வந்த யன்னலைத் தேடி 4ஜி ரவுட்டரை அங்கே வையுங்கள். அழகுக்காக ரிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதுவும் போதாவிட்டால்தான் வெளி அன்ரனா. வாங்க முதல் ரவுட்டரின் பின்பக்கம் அன்ரனா செருகுகிற இரண்டு துவாரங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாதிரியிலும் இல்லை.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் பத்து மீற்றர் இழுத்தால் 1800இல் ஏறக்குறைய எட்டு டெசிபெல், அதாவது டிபிஎம் கணக்கில் எட்டு எண், வழியிலேயே போய்விடும். அன்ரனா பிடித்துத் தந்த லாபத்தில் பெரும்பங்கைக் கேபிள் தின்றுவிடும். ரவுட்டரை அன்ரனாவுக்குக் கிட்டக் கொண்டுபோய், கேபிளைக் கட்டையாக வையுங்கள்.

திருப்புகிற வேலை, இந்தியத் தூரதர்ஷன் பார்க்க அன்ரனாவைத் திருப்பிய அதே வேலைதான். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஆனால் இம்முறை கீழே நிற்பவர் படத்தைப் பார்ப்பதில்லை, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து சினர் (SINR) என்ற எண்ணைப் பார்க்கிறார்; இரைச்சலை விடச் சிக்னல் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதை அது சொல்லும். கொஞ்சம் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, எழுதி, மறுபடி திருப்புங்கள். சினர் பத்துக்கு மேல் வந்தால் அங்கேயே இறுக்குங்கள். ஆர்எஸ்ஆர்பி கூடி சினர் பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் அந்தத் திசை வேண்டாம், இரைச்சலும் சேர்ந்து வருகிறது.

கம்பத்தை மின்கம்பிக்குக் கிட்ட நடாதீர்கள். பனையிலும் தென்னையிலும் கட்டாதீர்கள்: காற்றில் ஆடும், இடியும் அங்கேதான் விழும். கம்பத்துக்கு எர்த் போடுங்கள். ஐப்பசி இடிமழையில் முழக்கம் கேட்க முதலே கேபிளையும் பவரையும் கழற்றி வையுங்கள்.

பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம். இணையத்தில் விற்கிற சிக்னல் பூஸ்டர், ரிப்பீற்றர் எல்லாம் தானே அலை வெளிவிடுகிற கருவிகள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் அவற்றைப் பாவிப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், உள் அன்ரனாவும் வெளி அன்ரனாவும் கிட்டக் கிட்ட இருந்தால் கருவி தன் சத்தத்தையே பிடித்துப் பெருக்கி, டவரையே குழப்பும். உங்கள் வீட்டில் கவரேஜ் கூடுகிறதோ இல்லையோ, அயல் முழுக்கக் கோல் அறும்.

படி 6: வெளியிலேயே இல்லை என்றால்

கிணற்றடியிலும் மொட்டைமாடியிலும் -112, -115 என்றே நின்றால், எந்த சிம்மிலும் அதே கதை என்றால், கம்பனிதான் செய்ய வேண்டும். “கவரேஜ் இல்லை” என்று மட்டும் சொன்னால் போனை நிறுத்தித் திருப்பிப் போடச் சொல்வதோடு முடித்துவிடுவார்கள். கூகிள் மப்பில் இடத்தைக் குறித்து, எடுத்த அளவுகளைத் திகதி நேரத்தோடு எழுதி, ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீடுகளின் எண்களையும் சேர்த்துக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் அறிவிக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு அந்தக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள், அது இல்லாமல் இரண்டாம் தரம் எடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வைப்பார்கள்.