துருக்கியில் துக்க வீட்டுச் சாப்பாடு: புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

துருக்கியின் இஸ்மிர் நகரத்துக்குக் குடிவரும் நம் ஊர்க்காரர்கள் என்றைக்காவது ஒரு துக்க வீட்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் தவறியிருப்பார், அல்லது கூட வேலை பார்ப்பவரின் அம்மா. வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் தடுமாறிய அதே இடங்களில் இப்போது வருகிறவர்களும் தடுமாறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றுவது, குரலைத் தாழ்த்திப் பேசுவது எல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிக்கல் சாப்பாட்டு விஷயத்தில்தான்.

ஹெல்வாவைக் கேசரி மாதிரி கிண்டிக் கொண்டுபோவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

இறந்தவருக்காகக் கிண்டும் இர்மிக் ஹெல்வாவில் போடுவதெல்லாம் ரவை, வெண்ணெய், சர்க்கரை, பால், பைன் பருப்பு. பாதிக்கு மேல் நம் வீட்டுச் சாமான். அதனால் 'இது நமக்குத் தெரிந்ததுதானே' என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு பெரியவர் இறந்த ஏழாம் நாள், ஹெல்வாவுக்கு உதவுகிறேன் என்று நம் ஊர்ப் பெண் ஒருத்தி முன்வந்தாள். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சேருவதற்கு முன்பே தன் வீட்டில் அடுப்பைப் பெரிதாக வைத்து, ரவையை வாசனை வரும்வரை வறுத்து, பருப்பைத் தனியாகப் பொரித்துத் தூவி, ஏலக்காயும் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரும் சேர்த்து, மளமளவென்று இறக்கிக் கொண்டுவந்துவிட்டாள். பெரியவரின் தங்கை ஏற்கெனவே மரக்கரண்டியைக் கழுவி வைத்திருந்தார். 'முடிந்துவிட்டதா மகளே?' என்று கேட்டு, அதைத் துடைத்து இழுப்பறையில் போட்டார்.

அங்கே கிண்டுவதுதான் காரியமே. ரவையும் பைன் பருப்பும் வெண்ணெயில் ஒன்றாக, சின்னத் தீயில் வறுபட வேண்டும். அரை மணி நேரமாவது பிடிக்கும். பருப்பின் நிறத்தை வைத்துத்தான் பதம் பார்ப்பார்கள்; அது பொன்னிறமானால் ரவையும் வறுபட்டுவிட்டது என்று கணக்கு. அத்தனை நேரமும் கரண்டி கைமாறிக்கொண்டே இருக்கும். வாங்குகிறவர் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி, இறந்தவரை நினைத்துக் கிண்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். வறுபடும் வாசனை இறந்தவரின் ஆன்மாவைச் சேரும் என்பது பலரின் நம்பிக்கை. அப்புறம் சர்க்கரை கரைத்த சூடான பாலை ஊற்றி, அது வற்றியதும் மூடிக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு மூடிப் புழுங்க விடுவார்கள்.

பைன் பருப்பு விலை கூடின சாமான். பெரிய தீயில் கொஞ்சம் அசந்தாலும் கருகிக் கசந்துவிடும். அந்த நஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அண்ணனுக்காக அந்த அம்மா கிண்ட நினைத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

உதவ ஆசையிருந்தால் ரவையும் வெண்ணெயும் வாங்கிக் கொடுங்கள். கரண்டி உங்களிடம் வரும்போது வாங்கிக் கிண்டுங்கள். ஃபாத்திஹா தெரியாவிட்டால் மனதுக்குள் வேண்டிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஏலக்காய் டப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.

எல்லோரும் முதல் நாளே சாப்பாடு கொண்டுபோவது

துக்க வீட்டில் முதல் சில நாட்கள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது வழக்கம், அக்கம்பக்கத்தார்தான் பார்த்துக்கொள்வார்கள். முஃதா போரில் நபிகளின் பெரியப்பா மகன் ஜாஃபர் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் சொன்னதை இதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். அடக்கம் முடிந்த அன்று பல வீடுகளுக்குக் கடையிலிருந்தே பிதே என்ற ரொட்டியும் அய்ரான் என்ற மோரும் கட்டுக்கட்டாக வந்துவிடும். அதோடு நீங்களும் ஒரு அண்டா பிரியாணியைக் கொண்டுபோனால் வைக்க இடமிருக்காது. கூட்டம் கலைந்த பிறகு, நாலாம் நாள், ஐந்தாம் நாள்தான் அந்த வீட்டில் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். பக்கத்து வீட்டில் கேட்டு, யாரும் கொடுக்காத வேளையைப் பிடியுங்கள். பருப்பு சூப்பும் சோறும் போதும், காரம் வேண்டாம். பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டிக் கொடுத்தால், யாருடையது என்று அவர்கள் தேட வேண்டியிருக்காது.

'நாற்பதாம் நாள் எப்போது?' என்று கேட்பது

கேட்காதீர்கள். இறந்த 7, 40, 52 ஆகிய நாட்களில் மெவ்லித் என்ற நபி புகழ்ப் பாடலை ஓதிச் சாப்பாடு போடும் குடும்பங்கள் உண்டு, போடாத குடும்பங்களும் உண்டு. அரசின் மத விவகாரத் துறையான 'தியானெத்' அமைப்பே இந்த நாட்களுக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்கிறது. அழைத்தால் போங்கள்.

லோக்மாவுக்குக் காசு நீட்டுவது

லோக்மா என்பது மாவைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போட்ட உருண்டை; இறந்தவர் பெயரில் இலவசமாகக் கொடுப்பார்கள். இஸ்மிர் தெருக்களில் எண்ணெய்ச் சட்டியோடு வண்டி நிற்கும், இறந்தவர் பெயர் எழுதிய பலகை இருக்கும், வரிசை நீளும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். காசை எடுக்காதீர்கள். 'அல்லாஹ் கபுல் எத்சின்' (அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்) என்று சொல்லி வாங்கிச் சாப்பிடுங்கள்.

மிர்ரா கோப்பையைக் கீழே வைப்பது

தென்கிழக்குத் துருக்கியில் உர்ஃபா, மார்தின் பக்கம் துக்கத்துக்குப் போனால் சின்னக் கோப்பையில் மிர்ரா என்ற கசப்புக் காபி ஊற்றித் தருவார்கள். குடித்ததும் ஊற்றியவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதே கோப்பையில்தான் அடுத்தவருக்கு ஊற்றுவார்.