இங்கிலாந்து கிராமத்தில் மூதாதையரைத் தேடுவது எப்படி

பெயரை மட்டும் வைத்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். ஜான் ஸ்மித் என்று போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள். முதலில் அவர் எந்த பாரிஷ் என்று கண்டுபிடியுங்கள். பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தின் கீழ் இருந்த ஊர் எல்லை, பழைய பதிவுகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். இதற்கு 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள், பிறந்த பாரிஷையும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதையும் எழுதியிருப்பார்கள். 1841 கணக்கெடுப்பிலும் பெயர்கள் உண்டு, ஆனால் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள், 34 வயதுக்காரர் அதில் 30 ஆகியிருப்பார்.

அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் தேவாலயப் பதிவேடுதான் கதி. 1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவில் ஆரம்பித்தது அது. அதில் இருப்பது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி என்று நினைத்துக் குறித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, 1752-க்கு முன் அங்கே புது வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. அதனால் 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721.

பழைய பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் இணையதளங்கள் இரண்டும் இலவசம், அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் படியெடுத்தவர்கள் பெயரைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு உண்டு, எப்படியாவது மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்துவிடுங்கள். மூலப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகத்தில் இருக்கும். பக்கம் கிழிந்தோ தொலைந்தோ போயிருந்தால் பிஷப்புக்கு வருடாவருடம் அனுப்பிய நகல் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள்.

சரி, பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். பாரிஷ் பெட்டி என்று ஒன்று உண்டு, தேவாலயத்தில் பூட்டி வைத்திருந்த கணக்கு வழக்குகள், இப்போது அவையும் பெரும்பாலும் காப்பகத்தில்தான். ஏழைகளைப் பார்த்துக்கொள்வது அந்தந்த பாரிஷின் பொறுப்பாக இருந்ததால் யாருக்குச் செருப்பு வாங்கினார்கள், எந்த விதவைக்கு வாரம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுவரை எழுதி வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் உதவி கேட்டால், இவர் எந்த பாரிஷைச் சேர்ந்தவர் என்று விசாரிப்பார்கள். அந்த வாக்குமூலத்தில் பிறந்த ஊர், வேலை பார்த்த இடங்கள், கல்யாணம், பிள்ளைகள் என்று பாதி வாழ்க்கை வந்துவிடும். நிலமோ உயிலோ இல்லாத கூலிக்காரரின் கதை கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான், ஞானஸ்நானப் பதிவில் விடுபட்ட தகப்பன் பெயர்கூட சில சமயம் கிடைக்கும்.

அப்புறம் தசமபாக வரைபடம். தசமபாகம் என்றால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுப்பது, அதைப் பணமாக மாற்றிய 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்தது இது. நிலத்துக்கும் வீட்டுக்கும் எண் போட்டிருப்பார்கள், கூடவே உள்ள பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகச் சொந்தக்காரர் யார், குடியிருந்தவர் யார் என்று இருக்கும். அதை 1841 கணக்கெடுப்போடு வைத்துப் பாருங்கள், உங்கள் ஆள் எந்த வீட்டில் இருந்தார் என்றே தெரிந்துவிடலாம்.