கேப்டன் சுபாசா கேமில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிஃபா, ஈஃபுட்பால் போன்ற கால்பந்து வீடியோ கேம்களை ஆடிப் பழகிய கை, ‘கேப்டன் சுபாசா: ரைஸ் ஆஃப் நியூ சாம்பியன்ஸ்’ கேமின் ஆன்லைன் மேட்ச்சில் முதலில் திணறத்தான் செய்யும். 2020 ஆகஸ்டில் பிஎஸ்4, நின்டெண்டோ ஸ்விட்ச், பிசி மூன்றுக்கும் வந்த இந்த கேம், ‘கேப்டன் சுபாசா’ என்ற ஜப்பானியக் கால்பந்து அனிமேயின் (கார்ட்டூன் தொடரின்) கணக்கில் நடக்கிறது. நிஜக் கால்பந்தின் கணக்கு இங்கே பாதிதான் செல்லும். புதியவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு ஷாட் அடிப்பதில். மூலை பார்த்துத் தட்டிவிட்டால் கோல் என்று நினைத்து அடிப்பார்கள். கோல்கீப்பர் அலட்டிக்கொள்ளாமல் பிடித்துவிடுவார். ஒவ்வொரு வீரருக்கும் ‘ஸ்பிரிட்’ என்ற, தெம்பைக் காட்டும் பார் (பட்டை) இருப்பதுபோல கோல்கீப்பருக்கும் ஒன்று இருக்கிறது. அதில் மிச்சம் இருக்கும்வரை ஷாட்கள் பெரும்பாலும் தடுக்கப்படும். ஆனால் தடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த பார் குறையும். அது தீர்ந்த பிறகு வரும் ஷாட்தான் அவரையும் தள்ளிக்கொண்டு வலைக்குள் போகும். ஆகவே, தடுக்கப்பட்ட ஷாட்டை வீண் என்று எண்ண வேண்டாம். அடுத்த கோலுக்கான முன்பணம் அது.

எந்த ஷாட் எவ்வளவு குறைக்கிறது என்பதில்தான் சூட்சுமம். பட்டனைத் தொட்டு விட்டால் போகும் சாதாரண ஷாட் கொஞ்சமே குறைக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து ஷூட் பாரை முழுக்க நிரப்பினால், சுபாசாவின் டிரைவ் ஷாட், ஹ்யூகாவின் டைகர் ஷாட் போன்ற அந்தந்த வீரருக்கே உரிய சிறப்பு ஷாட் வெளிவரும். ஒரே அடியில் பெரும்பகுதியைத் தின்னும். சிக்கல் என்னவென்றால், நிரப்பும் அந்த ஓரிரு நொடிகளில் ஒரு டேக்கிள் (எதிராளி மோதிப் பந்தைப் பறிப்பது) விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால் டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தொடங்காதீர்கள். முதலில் அவரை டிரிபிள் செய்து (பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு ஏமாற்றி) கடந்துவிடுங்கள், அல்லது பக்கத்தில் ஆளில்லாமல் நிற்கும் சகவீரருக்குப் பாஸ் கொடுங்கள். இடைவெளி கிடைத்த அந்த நொடியிலேயே பட்டனை அழுத்துங்கள். சிறப்பு ஷாட்டைக் கடைசி நிமிடத்துக்கென்று பொத்திவைப்பதும் தவறு. அது கோல்கீப்பரை உடைக்கும் உளி. ஆட்டம் தொடங்கியதிலிருந்தே வேலை செய்ய வேண்டும்.

அடுத்து ஓட்டம். வேகமாக ஓடவைக்கும் டாஷ் பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் ஆடுபவர்களை ஆன்லைனில் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்: பெனால்டி பகுதியை எட்டும்போது அவர்களுடைய ஸ்ட்ரைக்கரிடம் ஸ்பிரிட் இருக்காது. டாஷ் ஸ்பிரிட்டைத் தின்கிறது, டேக்கிள் வாங்கினாலும் குறைகிறது. காலியான வீரரால் வேகமாக ஓடவும் முடியாது, வலுவாக அடிக்கவும் முடியாது. டாஷை நிறுத்தினால் பார் மெல்ல மீளும். எனவே பந்தை மிட்ஃபீல்டர்கள் வழியாகப் பாஸ் செய்து மேலே கொண்டுபோங்கள். அடிக்கப்போகும் வீரர் நிறைந்த பாருடன் பந்தை வாங்கட்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பழக்கம் மாறினாலே ஆட்டத்தின் முடிவுகள் கண்ணுக்குத் தெரியும்படி மாறும்.

இந்த கேமில் ஃபவுல் கிடையாது. விசில் வராது, கார்டு வராது. இதைக் கேள்விப்பட்டதும் புதியவர்கள் டேக்கிள் பட்டனை விடாமல் அடிக்கத் தொடங்குவார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டேக்கிளில் இரண்டு வகை உண்டு. பந்து வைத்திருப்பவரிடமும் தப்பிக்க இரண்டு வழி உண்டு. நீங்கள் போட்ட டேக்கிளுக்குப் பொருந்தும் வழியை அவர் தேர்ந்தால் தப்பிவிடுவார். தவறிய டேக்கிளுக்குப் பின் உங்கள் டிஃபெண்டர் எழுந்து வரும்வரை அந்த இடம் திறந்தே கிடக்கும். ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் போட்டால் எதிராளி இரண்டாம் முறையே படித்துவிடுவார். ஒரு டிஃபெண்டரால் நெருக்கி, எதிராளி எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து, வகையை மாற்றி மாற்றிப் போடுங்கள். கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசி ஆளை மட்டும் அவசரப்பட்டு டேக்கிளுக்கு அனுப்பாதீர்கள்.

வி-ஸோன் பார் நிறைந்தவுடன் அமுக்கிவிடுவது இன்னொரு பெரிய தவறு. தாக்குதலில் அதைப் போட்டால் சற்று நேரம் அணி முழுதும் வலுவாகும், ஷூட் பார் வேகமாக நிரம்பும். பந்து எதிராளியிடம் இருக்கும்போது, அல்லது உங்கள் பாதியிலேயே நிற்கும்போது அதை இயக்கினால் அந்த நேரம் அப்படியே கரைந்துபோகும். எதிரணி பெனால்டி பகுதிக்கு அருகில் பந்து உங்களிடம் வந்த பின் இயக்குங்கள். அதே பார் தற்காப்புக்கும் உதவும்: நிறைந்திருக்கும்போது எதிராளியின் ஷாட்டை உங்கள் கோல்கீப்பர் ‘சூப்பர் சேவ்’ செய்து காப்பாற்ற முடியும். ஒரு கோல் முன்னிலையில், கோல்கீப்பரின் ஸ்பிரிட்டும் தளர்ந்திருந்தால், தாக்குதல் ஆசையை அடக்கி அதைச் சேவுக்கே வைத்துக்கொள்வது நல்லது.

அணி அமைக்கும்போது பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு வீரர்கள் சேர்ந்து அடிக்கும் கூட்டு ஷாட்களுக்கு இருவருமே களத்தில் வேண்டும். தாச்சிபானா இரட்டையரில் ஒருவரை வெளியே உட்காரவைத்தால் அவர்களுடைய கூட்டு ஷாட்டான ஸ்கைலாப் ஹரிக்கேன் இல்லை. சுபாசாவும் மிசாகியும் சேர்ந்தால்தான் ட்வின் ஷாட்.

கதைப் பகுதியைத் தாண்டி நேராக ஆன்லைனுக்குப் போவதும் வேண்டாம். ‘எபிசோடு சுபாசா’ நான்கட்சு பள்ளியின் தேசியப் போட்டி வழியாக அடிப்படைகளைக் கற்றுத்தரும். ‘எபிசோடு நியூ ஹீரோ’வில் தோஹோ, ஃபுரானோ, முசாஷி ஆகிய மூன்று பள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்து உங்கள் சொந்த வீரரை வளர்க்கலாம். மற்ற வீரர்களோடு நட்பு கூடக்கூட அவர்களுடைய திறன்களை அவர் கற்றுக்கொள்வார். அரைகுறையாக வளர்ந்தவரை ஆன்லைனில் இறக்கினால் எல்லா மோதலிலும் அவரே விழுவார்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று: டேக்கிளும் டிரிபிளும் நொடியின் ஒரு துளியில் முடிவாகின்றன. அதனால் இணைப்பில் தாமதம் இருக்கக் கூடாது; வைஃபையைவிட லான் கேபிள் நம்பகமானது. கேபிள் இழுக்க வழியில்லையென்றால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். மேட்ச் முடியும்வரை வீட்டில் பெரிய டவுன்லோடு எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிவியில் ஆடினால் செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ ஆன் செய்யுங்கள். அது ஆஃபாக இருந்தால் படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில், நீங்கள் அழுத்திய பட்டன் திரையில் பிந்தித் தெரியும். சரியான நேரத்தில் போட்ட டேக்கிள்கூடத் தவறிப்போகும்.