'யாமே' சொன்ன பிறகு நடக்கும் தவறுகள்

கராத்தே மாஸ்டர்களான நாங்கள் குத்தையும் உதையையும் மாதக்கணக்கில் சொல்லித் தருகிறோம். நடுவர் 'யாமே' என்று நிறுத்திய பிறகு எப்படி நிற்பது, தோற்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வகுப்புகூட ஒதுக்குவதில்லை. பெரிய வீரர்களே சறுக்கியது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் தவறு, உதையை நிறுத்தத் தெரியாமல் களம் இறங்குவது. 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்டோருக்கான குமித்தே, அதாவது இருவர் நேருக்கு நேர் மோதும் கராத்தே பிரிவின் இறுதிப்போட்டி. சவூதியின் தாரெக் ஹமேதி, ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேவை விட 4-1 என்று முன்னால் இருந்தார். ஜெயித்திருந்தால் அவருடைய நாட்டுக்கே அது முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த நேரத்தில் அவர் விட்ட ஓர் உதை தலைப்பக்கம் பலமாக விழுந்து, கஞ்ச்சாதே நினைவிழந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்ய, மயங்கி விழுந்தவருக்குத் தங்கம் போனது.

இதென்ன நியாயம் என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். என்னைக் கேட்டால் தீர்ப்பு சரிதான். தலைக்கு விடும் உதைக்கு 3 புள்ளி தருவதே, அதைக் கட்டுப்படுத்தும் திறமையையும் சேர்த்துப் பார்த்துத்தான். பயிற்சியில் "இன்னும் பலமா, இன்னும் பலமா" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தால் பிள்ளை எங்கே கற்றுக்கொள்ளும்? ஹமேதி அழுதார். ஆனாலும் வெள்ளிப் பதக்கத்தை மேடையேறி வாங்கிக்கொண்டார்.

படாத அடிக்குச் சுருண்டு விழுந்து நடிப்பதும் விதிப்படி குற்றம். அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பெரியவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம்.

அப்புறம், நடுவர் மேல் பாய்வது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ தங்கம் வென்றவர் கியூபாவின் ஏஞ்செல் மாடோஸ். 2008 பெய்ஜிங்கில் வெண்கலத்துக்கான போட்டியில் அடிபட்டு உட்கார்ந்தார். சிகிச்சைக்குக் கொடுத்த நேரம் தாண்டியதால் அவர் தோற்றதாக அறிவித்தார்கள். எழுந்துபோய் நடுவரின் முகத்திலேயே உதைத்தார். அவருக்கும் பயிற்சியாளருக்கும் வாழ்நாள் தடை.

ஜெயித்த மகிழ்ச்சியிலும் வரம்பு உண்டு. மூங்கில் வாளால் மோதும் ஜப்பானியக் கென்டோவில் புள்ளி எடுத்தவுடன் கையை மடக்கிக் குதித்தால், கொடுத்த புள்ளியையே திரும்பப் பெறலாம். அடித்த பிறகும் கவனம் கலையாமல் நிற்பது அங்கே அடியின் ஒரு பகுதி.

கேலரியில் இருக்கும் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. மேட் ஓரம்வரை ஓடிவந்து கத்துவது, எதிர்ப்பக்கத்துப் பிள்ளையைக் கேலி செய்வது எல்லாம் எங்கள் போட்டிகளில் சாதாரணமாகிவிட்டது. 1964 ஒலிம்பிக்கில், டோக்கியோவின் புடோகான் அரங்கில், எடை வரம்பில்லாத ஜூடோ ஓப்பன் பிரிவு இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ காமினாகாவை அவருடைய சொந்த மண்ணிலேயே வென்றார். நெதர்லாந்துக்காரர்கள் சந்தோஷம் தாங்காமல் மேட்டை நோக்கி ஓடிவந்தார்கள். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களை அங்கேயே நிறுத்தினார். தோற்றவர் எதிரில் வணக்கம் சொல்வது இன்னும் பாக்கி இருந்தது.