முதன்முறை டர்க்கி செய்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்

நவம்பர் நான்காவது வியாழன், தேங்க்ஸ்கிவிங் (நன்றி சொல்லும் நாள்) வந்தால் அமெரிக்காவில் ஊரே அடங்கிவிடும். வால்மார்ட், காஸ்ட்கோகூட மூடியிருக்கும், கூட வேலை செய்பவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள், நாம் மட்டும் நெட்ஃப்ளிக்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்போம். இந்த வருடம் நம்மைப் போலவே எங்கும் போகாத நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அன்றைய விருந்துக்கான டர்க்கி, அதாவது வான்கோழி, சமைப்பது மட்டன் குழம்பைவிடச் சுலபம், நேரக் கணக்குதான் தப்பக்கூடாது.

முதலில் வாங்குவது. தலைக்கு ஒன்றரை பவுண்டு, அதாவது எட்டு பேருக்கு 12 பவுண்டுப் பறவை. கூடவே அலுமினிய டிரே, இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர். இந்தத் தெர்மாமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஞாயிறு இரவு டர்க்கியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, டிரேயில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நாலைந்து பவுண்டு உருக ஒரு நாள் ஆகும், ஆக 12 பவுண்டுக்கு மூன்று நாள். அவசரப்பட்டு மேடையில் வெளியே வைத்தால் உள்ளே ஐஸ் உருகுவதற்குள் மேல்பகுதி கெட்டுப்போகும். புதன்கிழமையும் கல்லாக இருக்கிறதா? கசியாத கவரோடு சிங்கில் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முழுதாக உறைந்திருந்தால் பவுண்டுக்கு அரை மணி, கணக்குப் போட்டால் ஆறு மணி நேரம்!

புதன் இரவு மசாலா. வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கமும் ஈரல், கழுத்தெலும்பு வைத்த பை இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கழுவ வேண்டாம், தெறிக்கும் தண்ணீரோடு கிருமி சிங்க் முழுக்கப் பரவும் (மஞ்சள் போட்டு அலசியே பழகிய கைக்கு இது கஷ்டம்தான்). பேப்பர் டவலால் ஒற்றிவிட்டு, வெண்ணெய், பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், உப்பு கலந்து தோலுக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். மேலே மட்டும் தடவினால் காரம் தோலோடு போய்விடும். அப்படியே தொட்டுக்கொள்ள கிரான்பெர்ரி (புளிப்பான சிவப்புப் பழம்) சாஸையும் முடித்துவிடலாம்: 12 அவுன்ஸ் பழம், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பத்து நிமிடத்தில் பழம் வெடித்துக் கெட்டியாகும்.

வியாழன் இரண்டு மணிக்குச் சாப்பாடு என்றால் பத்து மணிக்கே டர்க்கி ஓவனுக்குள் போக வேண்டும். 325 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறக்குறைய மூன்று மணி நேரம், நீங்கள் டிவியில் நியூயார்க்கில் நடக்கும் மேசிஸ் அணிவகுப்பு பார்க்கலாம். தோல் சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் போட்டு மூடுங்கள். தொடையிலும் நெஞ்சிலும் எலும்பில் படாமல் குத்திப் பார்த்து, எல்லா இடத்திலும் 165 வந்தால் எடுத்துவிடலாம். அரை மணி ஆறவிட்டு வெட்டுங்கள்.

சைவக்காரர்கள் வருகிறார்களா? கடையில் வாங்கும் ஸ்டஃபிங்கில் (மசாலா சேர்த்த ரொட்டித் துண்டுகள்) சிக்கன் சாறு இருக்கலாம், சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் போடும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் (விலங்குகளிலிருந்து எடுப்பது) உண்டு. லேபிளைப் படியுங்கள், இல்லையென்றால் ஒரு சட்டி சாம்பார் சாதம் வைத்துவிடுங்கள், அதுதான் முதலில் காலியாகும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளிக்கிழமை கொத்து பரோட்டா போடலாம், ஆனால் கறியைக் கடைசியில் சேருங்கள், ஏற்கெனவே வெந்த டர்க்கி நிறைய நேரம் புரட்டினால் நார் நாராகிவிடும்.