பழைய மடிக்கணினியில் டெபியன்: முதலில் வைஃபை அட்டையின் எண்ணைப் பாருங்கள்

தங்கை மகள் கல்லூரிக் காலத்தில் பயன்படுத்திய மடிக்கணினி, கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. கோர் 2 டுவோ செயலி, 2 ஜிபி நினைவகம், இடது பக்கக் கீலில் ஒரு விரிசல். "தூக்கிப் போட்டுவிடட்டுமா மாமா?" என்று கேட்டாள். விசைப்பலகை நன்றாக இருந்தது. நல்ல விசைப்பலகையைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

டெபியனை நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வைஃபைக்கு இரண்டு மாலைகள் போயின. முதலிலேயே ஓர் எண்ணைப் பார்த்திருந்தால் அதில் ஒரு மாலையாவது மிச்சம். ஆகவே நான் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

வைஃபை அட்டை வேலை செய்யப் பொதுவாக இரண்டு மென்பொருள்கள் வேண்டும்: டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்து கணினியின் செயலியில் ஓடுகிறது. ஃபர்ம்வேர் வைஃபை அட்டைக்குள் இருக்கும் குட்டிச் செயலியில் ஓடுகிறது. பெரும்பாலான அட்டைகளில் அதை நிரந்தரமாகச் சேமித்து வைக்க இடம் கிடையாது; மின்சாரம் போனதும் அட்டை எல்லாவற்றையும் மறந்துவிடும். கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் வட்டிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து அட்டைக்கு ஊட்டுவது கெர்னலின் வேலை. கோப்பு இல்லையென்றால், அட்டை இருப்பது தெரியும், ஆனால் ஒரு வலையமைப்பும் பட்டியலில் வராது.

இந்தக் கோப்புகளில் பலவற்றுக்கு மூலநிரல் வெளியிடப்படவில்லை. அதனால் 2011இல் வந்த டெபியன் 6 முதல் அவை கெர்னலிலிருந்து நீக்கப்பட்டுத் தனியே வைக்கப்பட்டன. பல ஆண்டுகள், ஃபர்ம்வேர் சேர்த்த அதிகாரபூர்வமற்ற ஐஎஸ்ஓ ஒன்றை ('படம்' என்றும் சொல்வார்கள்; டெபியனை நிறுவ உதவும் ஒற்றைக் கோப்பு) தேடிப் பிடிப்பதுதான் வழி. 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் வழக்கமான நிறுவியிலேயே (இன்ஸ்டாலர்) ஃபர்ம்வேர் இருக்கிறது. "அதிகாரபூர்வமற்ற படத்தை இறக்குங்கள்" என்று எங்காவது படித்தால், அது பழைய ஆலோசனை, விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த எண். மடிக்கணினியின் மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று விதமான வைஃபை அட்டைகளைப் போட்டு விற்பது சகஜம். விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். விண்டோஸ் இல்லையென்றால் ஏதாவது ஒரு லினக்ஸை பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, எல்எஸ்பிசிஐ -என்என் என்று அடியுங்கள். லினக்ஸில் நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம் கிடைக்கும்; விண்டோஸில் அதே இரு பாதிகள் வென், டெவ் என்பவற்றுக்குப் பின்னால் இருக்கும். முன்பாதி தயாரிப்பாளர்: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 168சி ஏதெரோஸ், 14இ4 பிராட்காம்.

இன்டெல், ரியல்டெக் என்றால் தேவையான ஃபர்ம்வேர் தொகுப்பு பெரும்பாலும் நிறுவியிலேயே இருக்கிறது, கவலை வேண்டாம். ஏதெரோஸின் ஏடிஎச்9கே வகை பிசிஐ அட்டைகளுக்கு வெளியிலிருந்து ஃபர்ம்வேரே வேண்டாம், கொடுத்துவைத்தவர்கள். பிராட்காம் என்றால் பின்பாதியையும் குறித்துக்கொள்ளுங்கள். என் மேசையில் இருந்தது 14இ4:4315. இந்த அட்டைக்கான ஃபர்ம்வேரை விநியோகிக்க டெபியனுக்கு உரிமம் இல்லை. அதனால் அது ஐஎஸ்ஓவில் இருக்காது. டெபியனை நிறுவி முடித்தபின் இணையத்திலிருந்து ஒரு தொகுப்பு அதை இறக்கிப் பிரித்தெடுக்கும். வைஃபை கிடைக்க இணையம் வேண்டும், இணையம் கிடைக்க வைஃபை வேண்டும். முதல் மாலை இந்த முடிச்சில்தான் போனது.

முடிச்சை அவிழ்க்க ஈதர்நெட் கம்பி போதும். அது எட்டாத இடத்தில் இருந்தால் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி வழியாகச் செருகி, யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். நிறுவி அதை ஒரு கம்பி இணைப்பாகவே பார்க்கும். டேட்டா கேபிளாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளோடு நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

செயலி 64 பிட்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். கோர் 2 டுவோ 64 பிட். '2' இல்லாத கோர் டுவோவும் ஆட்டம் என்270உம் 32 பிட். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. அப்படிப்பட்ட கணினி என்றால் டெபியன் 12தான்.

நெட்இன்ஸ்ட் (மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் சிறிய நிறுவி) ஐஎஸ்ஓவை இறக்கி, கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ512 எண்ணைச் சரிபார்த்து, பென்டிரைவில் எழுதுங்கள். எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸ் என்ற நிரலைப் பயன்படுத்தினால், அது கேட்கும்போது டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழியும். மடிக்கணினியில் இருப்பவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

நிறுவியின் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குத் தானாகத் தெரிவதே சரியான விடை. நான்கு இடங்களில் மட்டும் நிதானியுங்கள். இல்லாத ஃபர்ம்வேர் கோப்பு ஒன்றைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு நகருங்கள். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் உங்கள் கணக்குக்கே சூடோ உரிமை, அதாவது நிர்வாகியாகக் கட்டளைகளை ஓட்டும் உரிமை, கிடைக்கும். எனக்கு அதுதான் வசதி. டெஸ்க்டாப் பட்டியலில் க்னோமை நீக்கிவிட்டு, இலகுவான எக்ஸ்எஃப்சிஇயை எடுங்கள். 2 ஜிபியில் க்னோம் மூச்சுவாங்கும்.

நான்காவது, கணினியை எழுப்பும் க்ரப் நிரலை எந்த வட்டில் எழுதுவது என்ற கேள்வி. என் கணினி பென்டிரைவை எஸ்டிஏ என்றும் உள்ளே இருக்கும் வட்டை எஸ்டிபி என்றும் பெயரிட்டிருந்தது. பழக்கதோஷத்தில் எஸ்டிஏவைத் தொட்டேன். அதன்பின் பென்டிரைவைச் செருகினால்தான் கணினி எழுந்தது. பெயரைப் பார்க்காதீர்கள், கொள்ளளவைப் பாருங்கள்.

டெபியன் எழுந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் செத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்தால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். அப்போது தொகுப்புகளை நிறுவும் ஏபிடி, டெபியன் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அடம்பிடிக்கும். தேதியைச் சரிசெய்தால் அடங்கிவிடும்.

பிறகு ஈடிசிக்குள் ஏபிடி அடைவில் இருக்கும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறங்கள். வரிகளின் முடிவில் மெயின், நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று இருக்கும். பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு கான்ட்ரிப் என்று சேருங்கள். நமக்கு வேண்டிய தொகுப்பு அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. சூடோ ஏபிடி அப்டேட் ஓடிய பின், சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஃபர்ம்வேர்-பி43-எல்பிஃபை-இன்ஸ்டாலர். 'ஃபை' என்பதை பி, எச், ஒய் என்று மூன்று எழுத்தாக அடிக்க வேண்டும். இது 4315க்கு மட்டும்; அந்த வரிசையின் மற்றப் பழைய அட்டைகள் பலவற்றுக்கு 'எல்பிஃபை' இல்லாத தொகுப்பு. 14இ4:4727 என்றால் ஃபர்ம்வேர்-பிஆர்சிஎம்80211 போதும், அது நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. முடிந்ததும் கணினியை மறுபடி தொடக்குங்கள்.

தொடக்கிய பின்பும் வலையமைப்பு தெரியவில்லையா? சூடோ டிஎம்இஎஸ்ஜி அடித்து, வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று கெர்னல் பெயர் சொல்லியே புகார் செய்திருக்கும். என்னுடையதில் முதல் மாலை பி43/யுகோட்15.எஃப்டபிள்யூ என்று இருந்தது. தொகுப்பைப் போட்டதும் அந்தப் புகார் மறைந்தது. ஆனாலும் வைஃபை வரவில்லை. இரண்டாம் மாலை முழுக்கத் தொகுப்பை நீக்குவதும் போடுவதுமாகக் கழிந்தது. கடைசியாக, வைஃபைக்குத் தடை இருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் அடித்தேன். 'சாஃப்ட் பிளாக்ட்: நோ', அதற்குக் கீழே 'ஹார்ட் பிளாக்ட்: எஸ்'. முதலாவது மென்பொருள் போட்ட தடை, ஒரு கட்டளையில் நீங்கும். இரண்டாவதை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது.

மடிக்கணினியைத் தூக்கித் திருப்பினேன். முன்விளிம்பில், தூசி அடைத்த பள்ளத்துக்குள், நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சிறு பொத்தான். தள்ளியதும் அருகில் நீல விளக்கு எரிந்தது.