சி மொழியில் அகல எழுத்து வகைப்பாடு: காவடி தேறும், தைப்பூசம் உடையும்

மொரீஷியஸில் நாம் தட்டும் ஒரே வரியில் தமிழும் பிரெஞ்சும் கிரியோலும் கலந்து வரும். ஒரு குறி எழுத்தா என்று சொல்லும் பழைய சி சார்பான ‘இஸ்ஆல்ஃபா’ அங்கே உதவாது. அது பார்ப்பது ஒற்றைப் பைட்டை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ மூன்று பைட், மேலே கோடு ஏறிய பிரெஞ்சு எழுத்து இரண்டு பைட். இந்தக் குறையைப் போக்கத்தான் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பைட்டில் அடங்காத அகல எழுத்துகளையும் சோதிக்கும் ‘இஸ்டபிள்யூஆல்ஃபா’ (எழுத்தா?), ‘இஸ்டபிள்யூடிஜிட்’ (எண்ணா?) முதலியவற்றைச் சி தரத்தில் சேர்த்தது.

படி 1: ‘டபிள்யூசிடைப்’, ‘டபிள்யூகேர்’, ‘லோகேல்’ ஆகிய தலைப்புக் கோப்புகளை நிரலில் சேருங்கள்.

படி 2: மெயினின் முதல் வரியிலேயே ‘செட்லோகேல்’ அழையுங்கள், இரண்டாவது மதிப்பு வெற்றுச் சரம். இதை விட்டால் நிரல் ‘சி’ என்ற இயல்பு லோகேலிலேயே (மொழி அமைப்பிலேயே) நிற்கும். லினக்ஸில் எந்தத் தமிழ் எழுத்தைக் கேட்டாலும் பூஜ்யம்தான் வரும், அதாவது ‘எழுத்தல்ல’. தொடக்கக்காரர்கள் மணிக்கணக்கில் தேடும் பிழை பெரும்பாலும் இதுதான்.

படி 3: சரத்தின் மேற்கோள் குறிக்கு முன் பெரிய ‘எல்’ போட்டு அகலச் சரமாக்குங்கள். அச்சிட ‘டபிள்யூபிரிண்ட்எஃப்’. சாதாரண ‘பிரிண்ட்எஃப்’பை அதனுடன் கலக்காதீர்கள்.

படி 4: இப்போது ‘காவடி’யை ஒவ்வொரு குறியாகச் சோதியுங்கள். க, துணைக்கால், வ, ட, இகரக் குறி என ஐந்துமே எழுத்து என்று விடை வரும். அடுத்து ‘தைப்பூசம்’. ஒன்பது குறிகளில் இரண்டு புள்ளிகள் மட்டும் தேறாது! எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் தரும் யூனிகோடு தரத்தில் புள்ளிக்கு எழுத்துப் பண்பு இல்லை. லினக்ஸின் குனூ சி நூலகமும் அதைப் பின்பற்றிப் புள்ளியை நிறுத்தற்குறிகளோடு சேர்க்கிறது. எழுத்தல்லாத இடத்தில் சொல்லை வெட்டும் நிரல் ‘தைப’, ‘பூசம’ என்று கொத்திப் போடும். தமிழுக்கு நிரல் எழுதுகிறவர் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

படி 5: ஆகவே சொந்தமாக ஒரு சார்பு எழுதுங்கள்: ‘இஸ்டபிள்யூஆல்ஃபா’ ஆம் என்றாலோ, குறியெண் 3021 (அதுதான் புள்ளி) என்றாலோ, சொல்லின் பகுதி. 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்த் தொகுதி முழுவதையும் ஏற்றுவிடாதீர்கள். ரூபாய்க் குறியும் அதற்குள்தான் இருக்கிறது.

படி 6: எண்கள். நம் ரூபாய்த் தாள்களில் அச்சாகும் தமிழ் எண்களை ‘இஸ்டபிள்யூடிஜிட்’ ஏற்காது. சி தரம் அதை 0 முதல் 9 வரை என்று கட்டிவிட்டது. குனூ நூலகம் ‘௫’ஐ எழுத்து என்றே சொல்லும். குறியெண் 3046 முதல் 3055 வரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் 3046ஐக் கழியுங்கள், எண்ணின் மதிப்பு கிடைக்கும்.